பதில் கிளம்பும் நேரம்

லோகேஸ்வரியிடம், "நம்ம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று நான் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. சரி என்ற பதில் வந்தது அடுத்த வாரம் வியாழக்கிழமை. நடுவில் என்னோடு நன்றாகத்தான் பேசினாள். அந்தக் கேள்வியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. எனக்கு நான்கு கிலோ குறைந்தது. அது ஒன்றுதான் லாபம்.

அவள் மலேசியாவில் ராசா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். இப்போது கோல சிலாங்கூரில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்துக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள். பள்ளி விடுமுறைகளையெல்லாம் விழுங்கி, ஆறு வருடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வும் செய்தாள். திடப்பொருளில் வெப்பம் அலையாக நகர்வதற்கான சமன்பாடுகள்.

"பழைய சமன்பாட்டுப்படி, கம்பியோட இந்த முனையில சூடு வெச்சா, அந்தக் கணமே அந்த முனைக்கும் துளியாவது தெரிஞ்சிடும். அது எப்படிங்க? சூட்டுக்கும் கெளம்ப நேரம் வேணாமா?" என்பாள்.

அந்தத் தாமதத்துக்கு அவள் வைத்திருப்பது 'டௌ' என்ற கிரேக்க எழுத்து. சாதாரண உலோகத்தில் அது ஒரு விநாடியை லட்சம் கோடியாக வெட்டினால் கிடைக்கும் துண்டு அளவுதான். அதைச் சேர்த்தால் வெப்பம் அலையாகப் போகுமாம். இதற்கா ஆறு வருடம் என்று கேட்டேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

நானோ கல்யாண மேடை அறிவிப்பாளன். மைக் முன்னால் இரண்டு விநாடி அமைதி விழுந்தால் எனக்கு வியர்த்துவிடும். அதனால் அவளுடைய பதில்களையும் நானே சொல்லிப் பழகிவிட்டேன். நாங்கள் வழக்கமாகப் போகும் தேநீர்க் கடைக்காரர் மீரா முகைதீன், "டீச்சருக்கு என்னா?" என்று கேட்டு முடிப்பதற்குள், "தே தாரேக்" என்பேன். நுரை பொங்க இழுத்து ஆற்றிய பால்தேநீர் வரும். எப்போதும் பாதியை வைத்துவிடுவாள். சின்ன வயிறு என்று நினைத்துக்கொள்வேன்.

வாய்மொழித் தேர்வுக்கு முன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஒத்திகை வைத்தார்கள். மூன்று கேள்விகளுக்கு அவள் வாயே திறக்கவில்லை. மூன்றுக்கும் அருமையான பதில்கள் வந்தன, திரும்பும் வழியில், காரில், என்னிடம். அசல் தேர்விலும் இப்படி நின்றால் பட்டம் கிடைப்பது கஷ்டம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

விடுவேனா? வீட்டில் நானே தேர்வாளராக உட்கார்ந்து கேள்வி கேட்டேன். அவள் யோசிப்பதற்குள் பதிலையும் நானே சொன்னேன்.

"நீங்களே போயி பட்டம் வாங்கிட்டு வாங்க லா!" என்றாள். இது மட்டும் உடனே வந்தது.

தேர்வு நாளன்று மூடிய கதவுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நடந்தேன். உள்ளே போய்ப் பதில் சொல்ல முடியாத அந்த அவஸ்தை எதிரிக்குக்கூட வரக்கூடாது. கதவு திறந்தது.

"பாஸுங்க. சின்னத் திருத்தம் மட்டுந்தான்."

நான் அழுதுவிட்டேன். சொல்ல என்ன வெட்கம்.

காரில் வரும்போது நடந்ததைச் சொன்னாள். "டௌவுக்கு நடைமுறையில என்னா அர்த்தம்னு ஒரு புரோபசர் கேட்டாரு. வழக்கம்போல நின்னுட்டேன். எல்லாரும் என்னையே பாக்குறாங்க. அப்புறம் சொன்னேன், 'நீங்க கேட்டது எனக்குள்ள வந்துடுச்சு. பதில் மட்டும் இன்னும் கெளம்பல. இப்ப நீங்க காத்திருந்தீங்களே, அந்த இடைவெளிதான் டௌ'ன்னு. சிரிச்சிட்டாரு. அதுக்கப்புறம் யாரும் என்னை அவசரப்படுத்தல."

வழியில் ஜெராம் ஊரில் ஒரு கடையில் நிறுத்தினோம். கடைக்கார அக்கா அவளைப் பார்த்து, "என்னாம்மா குடிக்கிறீங்க?" என்றார். என் நாக்கு எழுந்துவிட்டது. கடித்துப் பிடித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று... மேடையாக இருந்தால் மயங்கி விழுந்திருப்பேன். ஒன்பது எண்ணியபோது அவள் நிமிர்ந்தாள்.

"எனக்குக் கோப்பி."

"தே வேணாமா?" என்றேன்.

"எனக்குத் தே புடிக்காதுங்க."

"எப்பருந்து?"

கொஞ்சம் யோசித்தாள். "ஆரம்பத்துலருந்தே."

கல்யாணமாகி ஏழு வருடம். எனக்கு முகம் சுட்டது, அந்தக் கணமே. கோப்பி வந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.