ஒரு நாள் முந்தி வந்த கப்பல்

சென்ற வாரம் நான் ஒரு கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. மொட்டைக் கடிதம் எழுதவில்லை. பையனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. பேப்பர் படித்தேன்... அவ்வளவுதான். படித்ததோடு விட்டிருக்கலாம். விளக்கமும் சொன்னேன் — அதுதான் வினை.

என் மனைவியின் அண்ணன் சிவலிங்கம் கண்டிக்குப் பக்கத்தில் தெல்தெனியவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் கடைக்கு ஒரு ஏணிகூட வாங்காதவர். அவருடைய ஒரே மகள் யமுனா, கண்டி டவுனில் ஒரு லேப்பில் வேலை செய்கிறாள். ஊரார் இரத்தத்தையெல்லாம் எடுத்துப் பரிசோதிப்பவள். இலேசில் எதையும் நம்ப மாட்டாள்.

அவளுக்குப் பார்த்த பையன் தினேஷ், கம்பளைக்காரன். வெளிநாட்டு உல்லாசக் கப்பலொன்றில் பேக்கரிப் பகுதியில் இருக்கிறான். ஒரு சின்ன டவுனே மிதந்து போகிற மாதிரிக் கப்பல். அந்த டவுனுக்குக் காலைப் பாண் போடுவது இவன் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. மூன்று மாதமாக வீடியோ கோலில் பேச்சு. பேசி முடித்துவிட்டு யமுனா முகத்தில் ஒரு வெளிச்சத்தோடுதான் போனை வைக்கிறாள் என்று என் மனைவிக்குத் தகவல் உண்டு.

ஆனால் "சரி" என்று மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று நான்தான் கேட்டேன்.

"வீடியோ கோல் எல்லாம் ரிப்போட் மாதிரி மாமா. நான் சாம்பிளைப் பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்."

நியாயம்தானே?

அதற்கும் வழி பிறந்தது. வியாழக்கிழமை கப்பல் கொழும்புக்கு வருகிறது. காலையில் வந்தால் இரவு வரை நிற்கும். மச்சான் பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்து, பத்தே முக்காலுக்குப் பெண்ணும் பையனும் சந்திப்பது என்று முடிவு செய்து, கொழும்புக்கு வேனும் பேசிவிட்டார். வழக்கமாகப் பையன் வீட்டார்தான் பெண் வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிடுவார்கள். இங்கே பெண் வீடு துறைமுக வாசலுக்குக் கேசரி கொண்டு போக வேண்டும். காலம் மாறிவிட்டது, கேசரி மாறவில்லை.

இந்த வியாழனை விட்டால் தினேஷ் திரும்பி வர அடுத்த வருடம் ஆகும். அதுவரை பொறுக்க மச்சான் தயாரில்லை. மாத்தளையில் ஒரு வங்கி உத்தியோகத்தர் வரன் தயாராக நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். "ஆளைப் பார்க்க முடியலன்னா மாத்தளைதான்" என்று மச்சான் சொல்லிவிட்டார். யமுனா மறுத்துப் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அர்த்தமில்லை. எங்கள் வீட்டுப் பெண்களை எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு நாட்டில் கலவரம். பெயர் வேண்டாம், அவர்களுக்கு ஏற்கெனவே தலைவலி போதும். தேர்தல் முடிவு பிடிக்காமல் சனம் தெருவில் இறங்கிவிட்டது. டயர் எரிகிறது. துறைமுகத்துக் கேட்டைத் தொழிலாளர்களே மூடிவிட்டார்கள். நம்முடைய கப்பல் கொழும்புக்கு முன்னால் நிற்க வேண்டியது அந்தத் துறைமுகத்தில்.

முந்திய ஞாயிறு மச்சான் குடும்பத்தோடு கட்டுகஸ்தோட்டைக்கு, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். இந்தக் கலவரத்தால் நம்ம கப்பலுக்கு ஒன்றும் ஆகாதே என்று என்னிடம் கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. வாராவாரம் பேப்பரில் பத்தி எழுதுகிறவனிடம் உலக அரசியலைக் கேட்பதும், மூட்டுவலிக்காரரிடம் சுகம் விசாரிப்பதும் ஒன்று. முழுப் பதிலும் வரும்.

சாப்பாட்டு மேசையையே உலகப்படமாக்கினேன். அப்பளம் கலவர நாடு. ஊறுகாய்ப் போத்தல் கொழும்பு. ரசக் கரண்டி கப்பல். ஒரு துறைமுகம் கெட்டால் கம்பனிக்காரன் மிச்சத்தையும் வெட்டிவிடுவான், காப்புறுதி, எரிபொருள், அது இது என்று அடுக்கி, கரண்டியை ஊறுகாய்க்குப் பக்கத்தில் வராமல் திருப்பி எடுத்துப் போனேன். கப்பல் கொழும்புக்கு வராது — தீர்ப்பு.

"கரண்டியைக் கொண்டாங்க, ரசம் ஊத்தணும்" என்றாள் மனைவி. என் ஆய்வுக்கு அன்று எழுந்த ஒரே எதிர்ப்பு அதுதான்.

இதோடு போயிருந்தால் மன்னிக்கலாம். திங்கட்கிழமை கம்பளையிலிருந்து பையனின் அம்மா மச்சானைக் கூப்பிட்டார். தினேஷ் மெசேஜ் போட்டிருக்கிறானாம்: கப்பல் அந்த நாட்டுக்குப் போகவில்லை, அதனால் ஒரு நாள் முந்தி, புதன் காலையே கொழும்பு. மச்சான் உடனே எனக்குப் போன் போட்டு, இது சரியாக இருக்குமா என்று கேட்டார்.

நான் சிரித்தேன். பாண் போடுகிற பையனுக்குக் கப்பல் போகிற வழி எப்படித் தெரியும்? கேப்டன் என்ன, மாவு பிசைகிற இடத்துக்கு வந்து ஆலோசனையா கேட்கிறார்? அத்தோடு, கடலில் இருப்பவர்களுக்குக் கிழமை குழம்பிப் போகும், இது விஞ்ஞானம் என்றும் சொன்னேன். எந்த விஞ்ஞானம் என்று மச்சான் கேட்கவில்லை. பேப்பரில் எழுதுகிறவனுக்கு இந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் சலுகை அது ஒன்றுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருவன் கப்பலுக்குள் இருக்கிறான். இன்னொருவன் கட்டுகஸ்தோட்டையில் சாய்மனைக் கதிரையில் இருக்கிறான். கப்பல் எங்கே போகிறது என்று நீங்கள் யாரைக் கேட்பீர்கள்? எங்கள் குடும்பம் கதிரையைக் கேட்டது.

வேன் கேன்சல். மாத்தளைக்காரரை ஞாயிறு வரச் சொல்லிவிட்டார் மச்சான்.

புதன்கிழமை காலை, ஒரு பதிவுத் தபால் அனுப்புவதற்காகக் கண்டி டவுனுக்குப் போனவன், வேலை முடிந்து வாவிக் கரையோரம் நடந்து வந்தேன். பத்தரை மணி இருக்கும். வரிசையாகச் சொகுசு பஸ்கள். ஒவ்வொன்றின் முன் கண்ணாடியிலும் ஒரு நம்பர். இறங்குகிற வெள்ளைக்காரர்களின் நெஞ்சிலும் வட்ட ஸ்டிக்கரில் அதே நம்பர். நம்பருக்கு மேலே ஒரு கப்பலின் பெயர்.

எனக்குத் தெரிந்த பெயர். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் புழங்குகிற பெயர்.

பஸ் சாரதி ஒருவரிடம் சிங்களத்தில் விசாரித்தேன். விடியக் காலையே கப்பல் வந்துவிட்டது என்றார். எங்கேயோ ஒரு நாட்டில் குழப்பமாம், அங்கே நிறுத்தவில்லையாம், அதனால் ஒரு நாள் முந்தி. இன்று இரவே போய்விடும். நாளைக்கு வேறொரு ஊர். வராது என்று சிலர் சொன்னார்களே என்று மெதுவாகக் கேட்டேன். யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டார் அந்த மனிதர். நான் வாவியில் நீந்துகிற மீன்களைப் பார்த்தேன்.

வேன் இல்லை. கொழும்புக்கு மூன்றரை மணித்தியாலம். பையனை எத்தனை மணி வரை வெளியே விடுவார்களோ... என்னால், என் ரசக் கரண்டியால், ஒரு பிள்ளையின் வாழ்க்கை மாத்தளைக்குத் திரும்பப் போகிறது. யமுனாவைக் கூப்பிட்டுக் கப்பல் வந்துவிட்டது என்று சொன்னேன்.

"தெரியும் மாமா. அவரு கண்டிக்கே வந்துட்டாரு."

பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற பஸ்களில், நம்பர் எழுதிய போர்ட் பலகை பிடித்துத் தலை எண்ணுவதற்குக் கப்பல் ஊழியர்களும் விரும்பினால் போகலாமாம். தினேஷ் கண்டி பஸ்ஸுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். ஒன்பதாம் நம்பர். காலையில் பேராதனைப் பூங்கா. பன்னிரண்டேகாலுக்கு வாவிக் கரை ஹோட்டலில் பகல் சாப்பாடு. ஒன்றேகாலுக்குப் பஸ் கிளம்பிவிடும். யமுனா அரைநாள் லீவும் போட்டுவிட்டாள். இவ்வளவும் தெரிந்து ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நேத்தே சொன்னேன். மாமா வராதுன்னாரேன்னு சொல்லிட்டாரு. நீங்க பேப்பர்ல எழுதுறவரு. நான் லேப்ல வேலை பார்க்குறவ" என்றாள். "ஆளுங்க இல்லாமத் தனியாப் போய்ப் பார்த்தா நாளைக்கு அதுவே பேச்சாகிரும். அப்பா வரணும். நீங்களே கூப்பிட்டுச் சொல்லிருங்க மாமா."

என் எழுத்து வாழ்க்கையில் நான் திருத்தம் வெளியிட்டதே இல்லை. அன்று வெளியிட்டேன். எதிர்முனையில் மச்சான் கடையைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

பன்னிரண்டு மணிக்கு மச்சான் வீட்டாரும், லேப்பிலிருந்து யமுனாவும் வாவிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மச்சானின் மனைவி, எங்கள் அண்ணி, ஐஸ்கிரீம் டப்பாவில் சூடாகக் கேசரியோடு வந்திருந்தார் — அந்த அவசரத்திலும். ஒன்பதாம் நம்பர் பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. நம்பர் போர்ட்டோடு முதலில் இறங்கிய பையன், இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணி, கடைசிக் கிழவியைக் கைபிடித்து இறக்கி, ஹோட்டலுக்குள் அனுப்பிவிட்டுத்தான் எங்கள் பக்கம் திரும்பினான். எனக்குப் பிடித்துவிட்டது. என் அபிப்பிராயத்தை அன்று யாரும் கேட்கவில்லை.

வணக்கம் சொல்லி எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது மச்சான் குண்டைப் போட்டார்.

இன்று புதன். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். அதற்குள் பெண்ணும் பையனும் உட்கார்ந்து பேசக் கூடாது. ஒன்றரை ஆகட்டும்.

ஒன்றேகாலுக்குப் பஸ் போய்விடும் என்றேன். ராகு காலம் என்பது சூரியன் உதிப்பதை வைத்து ஊருக்கு ஊர் மாறும் என்று ஒரு விளக்கத்தை ஆரம்பித்தேன். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் ரசக் கரண்டி தெரிந்தது. நிறுத்திக்கொண்டேன்.

அண்ணி டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். யமுனா தன் செருப்பைப் பார்த்தாள். தினேஷுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை; பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மச்சானும் அதை எட்டிப் பார்த்தார். பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"என்னா தம்பி, உங்க மணி நின்னு போச்சா? பதினொன்னு இருபது காட்டுது."

"இல்லீங்க அங்கிள். இது கப்பல் மணி. ஊருக்கு ஊர் மாத்த மாட்டாங்க. வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் இதுபடிதான். மாத்துனா கப்பலை விட்டுருவோம்."

மச்சான் தன் கடிகாரத்தைப் பார்த்தார், பன்னிரண்டு இருபது. அவன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். அந்த மனிதருக்கும் ஒரு வாசல் தேவைப்பட்டிருக்கிறது. அதை இவ்வளவு பேச்சுப் பேசிய எனக்குத் திறக்கத் தெரியவில்லை, ஒரு கடிகாரத்துக்குத் தெரிந்தது.

"பையன் நேரம்தானே பையனுக்கு. அதுல ராகு காலம் இன்னும் பிறக்கல" என்றார். "பன்னிரண்டு அடிக்க முந்தி பேசி முடிச்சிருங்க."

இருவரும் வாவிச் சுவரோரம் போய் உட்கார்ந்தார்கள். நாங்கள் ஒரு மரத்தடியில் நின்று, அவர்களைப் பார்க்காத மாதிரிப் பார்த்தோம். சாப்பாட்டை முடித்து வெளியே வந்த ஸ்டிக்கர் கிழவிகள் இரண்டு பேர் என்னிடம் வந்து, இங்கே என்ன நடக்கிறது என்று விசாரித்தார்கள். பெண் பார்க்கிறோம் என்றேன். இதுவும் டூர் கட்டணத்தில் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணி அவர்களுக்கும் கேசரி கொடுத்தார்.

எனக்கு வேலை இல்லை. அதனால் யோசித்தேன், கெட்ட பழக்கம்.

எங்களுக்குக் கிடைத்த இந்த ஒரு நாள் எங்கேயிருந்து வந்தது? அந்தப் பெயர் சொல்லாத நாட்டிலிருந்து வந்தது. அங்கேயும் ஒரு சாரதி பஸ்ஸைக் கழுவித் துடைத்து வைத்திருப்பான். ஒருத்தி சிப்பி மாலை கோத்துக்கொண்டு போயிருப்பாள். அங்கேயும் ஒரு யமுனா இருந்திருந்தால்... மூடிய கேட்டுக்கு வெளியே நின்று, கப்பல் தூரத்தில் கோடாகி மறைவதைப் பார்த்திருப்பாள். நமக்கு இது புதிதா? சில வருடங்களுக்கு முன்னால் பெற்றோல் வரிசையில் நாம் நின்றபோது, கப்பல்கள் நம்மைத்தான் தாண்டிப் போயின. அன்று நம்முடைய நாளை வேறு எந்த ஊர் அனுபவித்ததோ! எங்கோ எரிகிற டயர் எவன் வீட்டு அடுப்பை அணைக்கும், எவன் வீட்டில் விளக்கேற்றும் என்று பேப்பரில் போடுவதில்லை. போட்டாலும் நான் தப்பாகத்தான் விளக்குவேன்.

சுவரோரம் தினேஷ் எதையோ சொல்ல, யமுனா சிரித்தாள். பிறகு அவன் முன்கையில் வரி வரியாக இருந்த சூட்டுத் தழும்புகளை — அடுப்புத் தட்டு சுட்டது — குனிந்து பார்த்தாள். வீடியோ கோலில் அவை தெரிந்திருக்காது. ஒவ்வொன்றாக விசாரிக்கிறாள் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. அவனும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னான்.

கப்பல் மணி பதினொன்று ஐம்பத்தைந்துக்கு எழுந்து வந்தார்கள். என்ன முடிவு என்று வாய்விட்டுக் கேட்க மச்சானுக்கு வரவில்லை.

"அப்பா, மாத்தளைக்குப் போன் போட்டு வரவேணாம்னு சொல்லிருங்க" என்றாள் யமுனா.

அண்ணி கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சான் போனை எடுப்பதற்குப் பதிலாக என் தோளைப் பிடித்தார். அடிக்கத்தான் என்று நினைத்தேன். கேசரி டப்பாப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். தினேஷ் கேசரியை நின்ற நிலையில் சாப்பிட்டு, கிழவிகளை எண்ணி ஏற்றி, நம்பர் போர்ட்டை ஆட்டிக்கொண்டே போய்விட்டான்.

மாத்தளைக்காரர் வராத ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மறுபடியும் எங்கள் வீட்டில். மச்சான் பஞ்சாங்கத்தை விரித்தார். பையனின் ஒப்பந்தம் தை மாதம் முடிகிறது. வைகாசியில் கல்யாணம் வைக்கலாம். அதற்குள் உலகத்தில் எங்கேயாவது ஏதாவது ஆகி, கப்பல் வராமல் போய்விடுமோ என்று அண்ணிக்குப் பயம். நான் மேசையில் எதையும் தொடாமல், ஒரு பயமும் வேண்டாம், தைக்குள் கப்பல் கட்டாயம் வந்துவிடும் என்று தைரியம் சொன்னேன்.

யமுனா பதறிப்போய்த் தட்டைக் கீழே வைத்தாள்.

"மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வராதுன்னு சொல்லுங்க."