வாயிலுக்கு வெளியே நின்று பாடியவர்

கிறித்துமசுத் தாத்தாவின் முகமூடிக்குள் என் தந்தையார் இருக்கிறார் என்று நான் முழுமனத்தோடு நம்பிய ஆண்டு ஒன்று உண்டு. அப்போது எனக்கு எட்டு வயது.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்ந்தோம். தந்தையார் தொழிற்சாலைக் காவலர். ஒருநாள் தேயிலை மூட்டைகள் சில காணாமற்போயின. அவற்றை லாரியில் ஏற்றி அனுப்பியவர் அலுவலகக் கணக்கரான கிராணியார் என்பதைத் தோட்டமே அறியும். ஆயினும் அவர் தோட்ட நிர்வாகியான துரையிடம் கைகாட்டியது என் தந்தையாரை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தந்தையார் வேலையை இழந்தார். இனி அவர் தோட்டத்திற்குள் கால் வைத்தால், கொழுந்து பறிக்கும் அம்மாவின் வேலையும் வீடும் சேர்ந்தே போய்விடும் என்று துரை கூறிவிட்டார்.

திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் தந்தையார் வேலை தேடிக்கொண்டார். ஞாயிறுதோறும் தானா ராத்தா தேவாலயத்தில் மட்டுமே அவரைக் காண்போம். அங்கே வேதபாடம் வாசிப்பவர் கிராணியார். வாசித்து முடித்ததும் எழும் ‘ஆமென்’களில் என் தந்தையாருடையதே தெளிவாக ஒலிக்கும். அது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

திருநாள் நெருங்கியது. பாடற்குழு வீடுவீடாகச் சென்று பாடும் வழக்கத்தில் நான் ஒரு வழி கண்டேன். அடுத்த ஞாயிறு, தேவாலய வாசலில் தந்தையாரிடம் அதைச் சொன்னேன்.

“அப்பா, நீங்க தாத்தா வேசம் போட்டு வாங்க. மூஞ்சி தெரியாதுலா.”

அவ்வேடத்தை ஆண்டுதோறும் புனையும் சித்தப்பா அருகில் நின்றார். “ஒங்கப்பாவுக்கு ரெண்டு தலகாணி கட்டணும் புள்ள. எனக்கு ஒண்ணுகூட வேணாம்” என்று தம் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

தந்தையார் சிரித்தார். பிறகு, “என் வீட்டுக்கு நானே மூஞ்சிய மறைச்சிக்கிட்டு வந்தா, அவங்க சொன்னது உண்மைன்னு ஆயிடும்மா” என்றார். அம்மா அவருடைய சட்டைப் பொத்தானொன்றைப் போட்டுவிட்டார்.

அதை மறுப்பென்று நான் கொள்ளவில்லை. பெரியவர்கள் இரகசியத்தை அப்படித்தான் காப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

பாடற்குழு எங்கள் லயத்திற்கு வரும் நாளும் வந்தது. மாலைப் பனிமூட்டத்தினூடே அவர்கள் ஏறிவந்தார்கள். முகமூடியணிந்தவர் வாசலேறியதும் ஓடிச்சென்று இடுப்பைக் கட்டிக்கொண்டு, “அப்பா” என்று மெல்ல அழைத்தேன். கன்னத்தில் பட்ட வயிறு தலையணையாக இல்லை. அது என்னோடு சேர்ந்து ஒருமுறை குலுங்கியது.

“நான் சித்தப்பா, புள்ள. அப்பா கீழ, பெரிய கேட்டுக்கு வெளிய நிக்கிறாரு.”

குழு கீழிறங்கியது. தோட்ட வாயிலையொட்டியது கிராணியாரின் வீடு. வழக்கம்போல் அங்கேதான் கடைசியாகப் பாடினர். முதல் அடியிலேயே, வாயிலுக்கு அப்பாலிருந்து என் தந்தையாரின் கனத்த குரல் அவர்களோடு சேர்ந்துகொண்டது. லயம் வரைக்கும் கேட்டது.

“அவங்க வீட்டுக்குமா அப்பா பாடுறாரு?”

“அவங்க வீட்டுலயும் கர்த்தர் பொறக்கட்டும்லா” என்றார் அம்மா. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

பாடல் ஓய்ந்தது. கதவைத் தாழிட வேண்டாம் என்று கெஞ்சினேன். குளிர் அறையை நிறைத்தும் அம்மா இசைந்தார்.

அந்தப் பழி தந்தையார் கண்மூடும்வரை நீங்கவில்லை. கிராணியார் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். இன்றும் ஏதேனுமொரு தேவாலயத்தில், ஆண்கள் பக்கத்திலிருந்து கனத்த குரலொன்று எழுந்தால், என் தலை தானே திரும்பிவிடுகிறது.

ஆனால் அன்று, திறந்த கதவோரம் போர்வையைச் சுற்றிக்கொண்டு அமர்ந்திருந்தவளுக்கு இருந்தது ஒரே மனத்தாங்கல்தான். இத்தனை உரக்கப் பாட முடிந்தவருக்கு, அந்தச் சிறு மேட்டை ஏறிவர மட்டும் ஏன் முடியவில்லை?