கலிஸ்ராவின் வெள்ளிக்கிழமை மீன்

என் தங்கை கலிஸ்ரா இப்போது ரொறன்ரோவில் செயற்கை நுண்ணறிவு வேலையில் இருக்கிறாள். கேட்பவர்கள் உடனே, "பிள்ளை மற்ஸ்தானே படிச்சது?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இல்லை ஐயா, அவள் படித்தது கணிதமில்லை, கொமேர்ஸ். கணக்கியல், பொருளியல், வணிகக் கல்வி. மிச்சத்தைப் பழக்கியது எங்கள் அப்பாவின் மீன்கடை.

முல்லைத்தீவுக் கரையில் கடலுக்குப் போய்வந்த அப்பா, இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்தபின், இரண்டாயிரமாம் ஆண்டில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கை முகப்பில் மீன் விற்கத் தொடங்கினார். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த கலிஸ்ரா, கொம்பியூட்டர் வகுப்பு நடத்திய கனகலிங்கம் சேரிடம் ரைப் அடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் அங்கே புரோகிராம் எழுதும் வகுப்பும் உண்டு. மற்ஸ் படித்தவர்களுக்கு மட்டும். அதில் சேர அவளுக்கு உயிர் போகிற ஆசை.

"கொமேர்ஸ் பிள்ளையளுக்கு ரைப்பிங் மட்டும் காணும்," என்றார் சேர்.

இவள் விடவில்லை. தினமும் போய் நின்றாள். கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது. "சரி. கொம்பியூட்டர் தானா யோசிச்சு ஒரு முடிவு சொல்லிற மாதிரி ஏதும் செய்துகொண்டு வாரும். பிறகு பாப்பம்."

அவள் எடுத்தது அப்பாவின் தலையிடியை. மன்னாரிலிருந்து வரும் லொறியில் நாளைக்கு எவ்வளவு மீன் எடுப்பது? ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, வகுப்பு முடிந்தபின் இருந்து எழுதினாள். மழை என்றால் குறை, சம்பள நாள் என்றால் கூட்டு, வெள்ளிக்கிழமை என்றால் இரட்டிப்பாக எடு. எங்கள் கரையோர ஊரில் எல்லாரும் கத்தோலிக்கர்; வெள்ளியில் யாரும் இறைச்சி தொடமாட்டோம், எல்லா வீட்டிலும் மீன்தான். அப்பாவுக்கும் அது சரியாகவே பட்டது.

அந்த வெள்ளி பாரையும் சூடையும் குவிந்து கிடந்தன. ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிவலட்சுமி அக்காதான் வேலிக்கு மேலால் சொன்னா: "இண்டைக்கு வெள்ளியெல்லே பிள்ளை. நாங்கள் இண்டைக்கு மீன் சட்டியையே தொடமாட்டம்."

ஒழுங்கை முழுக்கச் சைவ சமயத்து வீடுகள், வெள்ளியில் மரக்கறிதான். நாங்கள் இருந்து மீன் வெட்டி, உப்புப் போட்டு, கூரையெல்லாம் காயவிட்டோம். கதை சேரின் காதுக்கும் போய், மற்ஸ் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். கலிஸ்ரா சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் எழும்பி, "வாங்கிற சனத்தைக் கேக்காமல் சாமான் எடுத்தது என்ரை பிழை அக்கா. வணிகக் கல்வியிலை முதல் படிச்சதே அதுதான்," என்று சொல்லிவிட்டு, எந்தெந்த நாளில் மீன் வாங்குவார்கள் என்று கேட்க வீடு வீடாகப் போனாள். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. ஒரு வீட்டில் செவ்வாயும் இல்லை, ஒரு வீட்டில் புரட்டாதிச் சனி இல்லை, ஒரு வீட்டில் மாமியார் இல்லாத நாளில் எல்லாம் உண்டு.

"இவ்வளவையும் எழுதி முடிக்கேலாதடி," என்றேன் நான்.

"அப்ப நான் எழுதமாட்டன்," என்றாள்.

போட்ட விதிகளையெல்லாம் அழித்தாள். ஒன்றும் தெரியாத புரோகிராம் ஒன்றை எழுதினாள். எந்த நாளில் எவ்வளவு மிஞ்சியது என்று போட்டால், அடுத்த கிழமை அதே நாளுக்கு அது தானே குறைக்கும், முன்னமே முடிந்துவிட்டால் கூட்டும். முதலில் கண்டபடி உளறியது. நாங்கள் கருவாட்டுக் குழம்பாகத் தின்று தீர்த்தோம். கார்த்திகை வர, அப்பாவின் பெட்டியில் மிஞ்சுவது பூனைக்கே போதாமல் போனது.

சேரிடம் காட்ட அவள் கூப்பிட, நானும் துணைக்குப் போனேன். சேர் திரையில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். திரும்பவும் மேலிருந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை மீன் எடுக்கவேண்டாமெண்டு சொல்லுது. அதை எந்த வரியிலை எழுதியிருக்கிறீர்?"

"எழுதேல்லை சேர்."

"அப்ப அதுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை சேர். சனம் வாங்கேல்லை. அதைப் பாத்துப் பாத்து அது பழகிட்டுது."

சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கலிஸ்ரா என் கையை நெரித்துப் பிடித்திருந்தாள்.

"எனக்கு இது முழுக்க விளங்கேல்லைப் பிள்ளை," என்றார் மெல்ல. "சனிக்கிழமை வகுப்புக்கு வாரும். எல்லாருமாச் சேர்ந்து பாப்பம்."