பூச்சியை எண்ணியவன்

ஜீவேந்திரன் திண்டிவனத்தில் ஒரு தானியக் கிடங்கில் சேர்ந்தது 1983இல். தற்காலிக உதவியாளர் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உத்தரவு வர வேண்டும். வராவிட்டால் செஞ்சிப் பக்கம் தகப்பனாரின் நான்கு காணி மானாவாரிக்குத் திரும்ப வேண்டும். வேலை நிலைக்க, மேலே உள்ள ஒருவர் அவன் பெயரைச் சொல்லி எழுத வேண்டும். அப்படி எழுதக்கூடியவர் மேலாளர் தாண்டவராயன் ஒருவர்தான்.

அவர் கண்ணில் படுவதற்கென்று அவன் எதுவும் செய்யவில்லை. வாரந்தோறும் நெல் மூட்டையில் குத்தூசி விட்டு ஒரு கிலோ எடுத்துச் சலித்து, உயிரோடு இருக்கும் பூச்சிகளை எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் கட்டைவிரலால் நசுக்கிக்கொண்டே உத்தேசமாக ஓர் எண் சொல்வார்கள். ஜீவேந்திரன் சமணன்; அந்தப் பக்கத்தில் சமணர்களை நயினார் என்பார்கள். ஒவ்வொன்றாகக் காகிதத்தில் ஏற்றி, வேலியோரம் விட்டுவிட்டு வருவான். அதனால் அவன் எண் தவறியதே இல்லை. நயினார் பூச்சிக்கெல்லாம் பேர் வைத்து அனுப்புகிறார் என்று மூட்டை தூக்குபவர்கள் சிரித்தார்கள். தாண்டவராயன் சிரிக்கவில்லை. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வேலை பழக்கினார். விழுப்புரத்துக் கூட்டங்களுக்கு உடன் அழைத்துப் போனார்.

“இதுவரிக்கும் ஒருத்தனுக்கும் நான் எழுதிக் குடுத்தது இல்ல தம்பி,” என்றார் ஒருநாள். “உனக்குக் குடுக்கறேன். மருந்து மட்டும் உன் கையால போட்டுப் பழகிடு. அது தெரியாதவன் பேர எழுத முடியாது.”

மருந்து என்பது மாத்திரை. மூட்டை அடுக்கைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே தட்டுகளில் மாத்திரைகளை வைத்து, ஓரங்களை மண்ணால் பூசிவிட்டால், காற்றின் ஈரம் பட்டு நச்சுப்புகை கிளம்பும். ஐந்து நாளில் ஓர் உயிர் மிஞ்சாது. வைப்பவர் முகமூடி அணிய வேண்டும். கிடங்கில் இருந்தது ஒரே முகமூடி. மருந்து வைப்பவர் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும்.

ஜீவேந்திரனால் முடியவில்லை. முடியவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. சொன்னால் வேலை போய்விடும். கையெழுத்துப் போட்டு முகமூடியை எடுத்தான். அவன் சொல்லி உள்ளே போனவர் மண்ணாங்கட்டி, மூட்டை தூக்கும் ஐம்பது வயதுக்காரர். அவர் முகத்தில் இருந்தது துண்டு. மூட்டை தூக்குபவர் உள்ளே போவது வழக்கம்தான்; முகமூடியோடு போனால் மருந்து வைப்பது யார் என்று அலுவலகச் சன்னலிலிருந்து மேலாளர் பார்த்துவிடுவார். ஆகவே அதைத் தான் அணிந்துகொண்டு ஜீவேந்திரன் வாசலில் நின்றான். கொல்லும் கை தன்னுடையதல்ல என்று சொல்லிக்கொண்டான். வினை அவ்வளவு எளிதாகக் கை மாறும் என்று அவன் படித்த எந்த நூலும் சொல்லவில்லை. அதுவும் அவனுக்குத் தெரியும்.

நான்கு முறை ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் முறை, மறு வருடம் ஐப்பசியில், அடைமழை. மண்ணாங்கட்டி துண்டை நனைத்துக் கட்டியிருந்தார். ஈரக்கை பட்டதும், தட்டுக்குப் போகும் முன்பே மாத்திரை புகைந்தது. இருமிக்கொண்டே முப்பது தட்டையும் வைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

“நெஞ்சு பேஜாரா இருக்குதுங்க நயினாரே,” என்றார். “நீங்க கவலப்படாதீங்க. நீங்கதான் வச்சீங்கன்னு சொல்லிக்கறேன்.”

மறுநாள் பொழுது சாய்வதற்குள் இறந்துபோனார்.

ஜீவேந்திரன் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்தினார். மருந்து வைத்து மூடிய கிடங்குக்குள் தொழிலாளி மழைக்கு ஒதுங்கத் தானாகவே நுழைந்தார் என்று எழுதச் சொன்னார்.

“நீ போனா உன்னப் பழக்கின நானும் போறேன். எழுது.”

எழுதினான். மண்ணாங்கட்டியின் மனைவி செண்பகம் வந்து கேட்டது ஒன்றுதான்: அவரை உள்ளே போகச் சொன்னது யார்?

“யாரும் சொல்லாம உள்ள போற ஆளு இல்லீங்க அது. இருவது வருசமா சொன்னாத்தான் போவும்.”

தனக்குத் தெரியாது என்றான் ஜீவேந்திரன்.

தை மாதம் நிரந்தர உத்தரவு வந்தது, விக்கிரவாண்டிக் கிடங்குக்கு. இவருடைய பதிவுகள் முழுதும் நம்பத்தக்கவை என்று தாண்டவராயன் எழுதிக் கொடுத்திருந்தார். அங்கே முகமூடி அணிந்து அவனே உள்ளே போனான். வேறு யாரையும் வாசலருகே விடவில்லை. இதைத் துணிவு என்று சொல்வதற்கில்லை. காலம் தப்பி வந்த ஒழுங்கு, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் தார்ப்பாயை நீக்கி, ஒரு கிலோ சலித்து, செத்துக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணினான். பதிவேடு கேட்டதோ உயிருள்ளவற்றை மட்டும். அதற்குரிய கட்டத்தில் பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.