போலி என்கிறார்கள்: காஜா பெராங்கில் வாங்கிய கோல்கீப்பர் அட்டை

போன மாதம் கோலாலம்பூரில் பழைய விளையாட்டு அட்டை சேகரிப்பவர்கள் ஒன்றுகூடினார்கள். நானும் என் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கையில் பூதக்கண்ணாடி வைத்திருந்த ஒரு தம்பி என் பதினோரு அட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பத்து அட்டைகளை வாயாரப் புகழ்ந்தார். பதினோராவதை மட்டும் தனியே ஒதுக்கி வைத்து, "இது போலிம்மா. யாரோ உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க. மூலையில அழுக்கு வேற" என்றார்.

அங்கேயே வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக நின்றதால் தப்பித்தார். வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. அந்த அட்டைக்காக நான் தம்பின் என்ற ஊரிலிருந்து மலாக்கா போய் வந்த கதையை இந்த வலைப்பூவில் எழுதிவிடுவதென்று உட்கார்ந்துவிட்டேன். அதே வழியில் போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இது பயன்படும். வழி பெரிதாக மாறவில்லை, ஆட்சிதான் மாறியிருக்கிறது.

நான் போனது ஜப்பான்காரன் காலத்தில், அவன் வந்த இரண்டாம் வருஷம். எனக்கு அப்போது இருபது வயது. தம்பினுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா ஆஸ்பத்திரி டிரெசர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, மருந்து கலக்குவது, எலும்பு முறிவுக்குப் பட்டை வைப்பது எல்லாம் அவர் வேலை. நான் அவருக்குக் கூடமாட உதவுவேன். மற்ற நேரமெல்லாம் எனக்குக் கால்பந்துப் பைத்தியம். சண்டைக்கு முன்பு சிகரெட் பெட்டிகளுக்குள் ஆட்டக்காரர்கள் படம் போட்ட சிறிய அட்டைகள் வரும். மலாக்கா அணியின் பதினோரு பேரும் என்னிடம் இருந்தார்கள். அப்பாவை நச்சரித்து பண்டார் ஹிலிர் திடலுக்கு அழைத்துப்போகச் சொல்லி, ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய் ஒவ்வொருவரிடமும் அவரவர் அட்டையில் கையெழுத்து வாங்கிவிடுவேன். பத்துப் பேர் ஆயிற்று. பாக்கி கோல்கீப்பர் லெட்சுமணன். நான் கடைசியாகப் பார்த்த ஆட்டத்தில் அவர் மூன்று கோல் விட்டுவிட்டு, யார் முகத்திலும் விழிக்காமல் பின்பக்கமாகப் போய்விட்டார். அதற்கடுத்த ஆட்டத்துக்குள் சண்டை வந்துவிட்டது.

ஜப்பான்காரன் வந்ததும் ஆங்கிலத்தில் அச்சடித்தது எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்று தோட்டத்தில் பயம் பரவியது. என் பாடப் புத்தகங்களை அப்பா எரித்தபோது நானே அடுப்பில் போட்டேன். அட்டைப் பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. ரப்பர் மரத்தடியில் புதைத்தேன். அது என்னுடையது. சிகரெட் பிடித்தது அப்பா, காத்திருந்தது நான். எவனோ வந்து எரி என்றால் எரித்துவிட முடியுமா?

எங்கள் தோட்டத்து வழியாக ஓடும் பஸ்ஸின் டிரைவர் ஒரு தமிழ் முஸ்லிம். எல்லோருக்கும் அவர் பாய். ஊர்ச் செய்திகள் அவரோடுதான் வரும். ஒருநாள் அவர், காஜா பெராங் பக்கம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், உன் கோல்கீப்பர் பேரும் அடிபடுகிறது என்றார். எங்கள் தோட்டத்திலிருந்தும் அப்படிப் போனார்கள். ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை. அவர் போய்விட்டால் என் பதினோராவது கையெழுத்தும் போய்விடும். அன்று எனக்கு முதலில் தோன்றியது அதுதான். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். சேகரிப்பவர்களுக்குப் புரியும்.

"தங்கச்சி, அட்டைய எங்கிட்ட குடு. நானே ஒப்பம் வாங்கியாறேன். இந்த நேரத்துல பொம்பளப் புள்ள மலாக்கா போறதா?" என்றார் பாய்.

"நீங்களே எழுதிட்டு வந்தா எனக்கு எப்படி பாய் தெரியும்?"

"அடிப்பாவி, அஞ்சு வேளை தொழுறவன் நான்!"

அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் சட்டம் ஒன்று உண்டு. கையெழுத்து என் கண் முன்னால் விழ வேண்டும். யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்க மாட்டேன். கடைசியில் அப்பாவே வழி செய்தார். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை வாங்க மலாக்காவுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. என் பெயரில் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். அட்டையைப் பற்றி நான் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. ஆனால் கிளம்பும்போது, "ஒண்ணு மட்டும் எடுத்துட்டுப் போ. பெட்டியோட போகாத" என்றார்.

தம்பினிலிருந்து மலாக்கா இருபத்து நான்கு மைல். முன்பு ரயில் இருந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்து சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தண்டவாளம் போன வழியிலேயே ஆட்களையும் கொண்டுபோனார்கள். எங்களுக்கு மிஞ்சியது பாயின் கரி பஸ். பெட்ரோல் கிடையாது. பின்னால் ஒரு இரும்பு உருளையில் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டுவார். கட்டணம் ஒன்றரை வெள்ளி, ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டில். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். இது எங்கள் வீட்டுக் கடிகாரப்படி. சர்க்கார் கடிகாரம் தோக்கியோ நேரத்தில் எட்டரை காட்டியது. அப்பா கடைசிவரை வீட்டுக் கடிகாரத்தைத் திருப்பவே இல்லை. நானும் இங்கே அந்த நேரத்தையே எழுதுகிறேன்.

அலோர் காஜாவுக்கு முன்னால் ஏற்றத்தில் பஸ் நின்றுவிட, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். காசும் கொடுத்துத் தள்ளவும் செய்த பயணம் அது ஒன்றுதான். பத்து மணிக்கு மேல் டவுனுக்கு முன்பாகவே பாய் என்னை இறக்கிவிட்டார். "ரெண்டு மணிக்கு தெங்கேரா ரோட்டு முனையில நிப்பேன். வரலேன்னா தேடுவேன்" என்றார். அங்கிருந்து காஜா பெராங்குக்கு இருபது நிமிட நடை.

அங்கே இருப்பவர்கள் செட்டி மக்கள். பல தலைமுறைக்கு முன் வந்து தங்கியவர்கள். சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், பேச்சு மட்டும் மலாய். வாசலில் மாவிலை கட்டிய வீட்டைப் பார்த்து உரிமையோடு தமிழில் விசாரித்தேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு மலாயில் வழி காட்டினார். ஆக, கோல்கீப்பர் வீட்டில் நாங்கள் பேசியதும் மலாய்தான். தமிழில் எழுதித் தருகிறேன்.

லெட்சுமணன் கதவைத் திறந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலது கை தோளிலிருந்து தொங்கும் தூளியில் இருந்தது. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை பச்சிலை அரைத்துக் கட்டியிருந்தார்கள்.

"அபாங், கைக்கு என்ன?" என்று கேட்டேன். மலாயில் அண்ணனுக்கு அபாங்.

"மரத்திலிருந்து விழுந்தேன். உடைந்துவிட்டது. நான்கு மாதம் ஆகிறது" என்றார்.

அட்டையைப் பற்றிச் சொன்னேன். மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஆனால் கையைக் காட்டித் தலையை ஆட்டினார். அவர் மனைவி எங்கள் இருவருக்கும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் கண்ணாடிக் கோப்பைகளில் கறுப்புக் காப்பியும் கொண்டுவந்து தரையில் விரித்த கோரைப்பாயில் வைக்கக் குனிந்தார். அட்டையை நான் கூடையிலிருந்த ஆஸ்பத்திரிக் கட்டுத் துணிச் சுருளுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அதை எடுக்கத் திரும்பியபோது என் முழங்கை தட்டில் இடித்து ஒரு கோப்பை சரிந்தது.

அது தரையில் விழவில்லை. தூளியிலிருந்து ஒரு கை பாய்ந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டது. பச்சிலைக் கட்டோடு, வலது கை.

அவர் மனைவி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். லெட்சுமணன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கோப்பையை விட்டிருப்பார்கள். ஒரு கோல்கீப்பரால் முடியாது. நான்கு மாதம் காப்பாற்றிய கையை ஒரு கோப்பைக்காகக் காட்டிக் கொடுத்துவிட்டார்.

"அடேக், நீ யாரிடமாவது சொன்னால் நாளைக்கே நான் சயாம் லாரியில்" என்றார். தங்கைக்கு அவர்கள் சொல்வது அடேக்.

"நான் சொல்ல வேண்டியதே இல்லை. இந்தக் கட்டே சொல்லிவிடும்" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். டிரெசர் மகள் பார்க்கும்படியான கட்டா அது? எலும்பு உடைந்த கைக்குப் பட்டையே இல்லை. விரல்கள் இட்லி வார்க்கப் போவது போல் ஜோராக ஆடிக்கொண்டிருந்தன. அவர் மனைவியிடம் மூங்கில் பிளாச்சு நான்கு கேட்டேன். பச்சிலையைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கள் ஆஸ்பத்திரித் துணியால் முறையாகக் கட்டினேன். பரிசோதிக்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் மேலே இந்த இடத்தில் இறுக்குங்கள், விரல் வீங்கும், போனதும் உடனே தளர்த்துங்கள் என்று அவர் மனைவிக்குச் செய்து காட்டினேன். சயாமுக்கு ஒரு கை குறைவாகப் போகட்டும் என்று எனக்கு அப்போது அப்படி ஒரு வெறி.

எல்லாம் முடிந்ததும் அட்டையையும் பேனாவையும் நீட்டினேன். அவர் பேனாவை இடது கையில் வாங்கினார்.

"அந்தக் கை வேண்டாம். உங்கள் கையெழுத்து வேண்டும். வலது கையால் போடுங்கள்" என்றேன். அவர் கையெழுத்தை மற்றவர்களிடம் பார்த்திருக்கிறேன். கடைசி எழுத்துக்கு வால் நீண்டு வளைந்து அழகாக இருக்கும்.

"ஜப்பான்காரன் இருக்கும்வரை எனக்கு வலது கை கிடையாது. வேண்டுமானால் இதை வாங்கிக்கொள். வேண்டாமென்றால் காப்பியைக் குடித்துவிட்டுப் போ" என்றார்.

எனக்கு அழுகையே வந்தது. இருபத்து நான்கு மைல் வந்து இதற்கா? ஆனாலும் அட்டையைப் பாயில் வைத்தேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் கிறுக்கியது போல் இருந்தது. கடைசி எழுத்து அட்டையின் விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றது. என் கண் முன்னால் விழுந்த கையெழுத்துதான், ஆனால் பார்க்கவே பிடிக்கவில்லை.

கொயினாவை வாங்கிக்கொண்டு தெங்கேரா முனைக்கு வந்தபோது அங்கே காவல் போட்டிருந்தார்கள். சிப்பாய் முன்னால் இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். குனிந்தேன். போதாது என்று கழுத்தைப் பிடித்து இன்னும் அழுத்தினான். பிறகு கூடையைக் கவிழ்த்தான். கட்டுத் துணிச் சுருள் தரையில் உருண்டு பிரிந்து, அட்டை வெளியே விழுந்தது. ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் கன்னத்தில் ஓர் அறை. காது ரீங்காரமிட்டது. இன்றும் அந்தக் காது மந்தம்தான்.

அவனோடு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் நின்றார். அட்டையை எடுத்துப் பார்த்தவர் முகம் மாறியது.

"ஏம்மா, இது காஜா பெராங் கோல்கீப்பர்ல? கை ஒடைஞ்சிருக்குன்னான். நாளைக்கு டாக்டரக் கூட்டிட்டுப் போய்ப் பாக்கலாம்னு இருந்தோம். மை புதுசா இருக்கு, எப்புடி ஒப்பம் போட்டுருக்கான்?"

எங்கிருந்தோ எனக்கு வாய் வந்தது. "நல்லாப் பாருங்க. இதுவா ஒப்பம்? எவ்வளவு தூரம் வந்தேன், கோழி கிளறுன மாதிரி கிறுக்கிக் குடுத்திருக்காரு. இடது கையால இதுக்கே கால் மணி நேரம். அந்தக் கை இனிமே ஆகாது. நான் டிரெசர் மக, கட்டுப் போட்டதே நான்தான்!"

கோபமாகக் கத்தினேன். கோபம் நிஜம், அதனால் நடிக்க வேண்டியிருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் அந்தக் கிறுக்கலைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். சிப்பாயிடம் காட்டி ஏதோ சொன்னார். சிப்பாய் சிரித்தான். பந்தைப் பிடிக்கப் போய்க் கைநழுவ விடுபவன் போல் ஆடிக் காட்டிவிட்டு, அட்டையைத் தரையில் போட்டு பூட்ஸ் காலால் மிதித்தான்.

"டாக்டரு வேண்டாம். பொறுக்கிட்டுப் போ" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

பொறுக்கிக்கொண்டேன். பாய் பஸ்ஸை உறுமவிட்டுக் காத்திருந்தார். என் கன்னத்தைப் பார்த்தார். இறங்கும்போது டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை.

லெட்சுமணன் சயாம் போகவில்லை. ஜப்பான்காரன் போனபின் பண்டார் ஹிலிரில் நடந்த முதல் ஆட்டத்தில் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்தார். முடிந்ததும் என்னை அடையாளம் கண்டு, தானே பேனாவை வாங்கி வலது கையில் வைத்துக்கொண்டு, "அட்டையைக் கொடு அடேக், ஒழுங்காகப் போட்டுத் தருகிறேன்" என்றார். நான் அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு இடது கையை நீட்டினார். குலுக்கினேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: தம்பினிலிருந்து இப்போது பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், தள்ள வேண்டியதில்லை. மலாக்கா பஸ் நிலையத்திலிருந்து காஜா பெராங்குக்கு டாக்சி பிடியுங்கள். காலையில் போனால் வெயில் தெரியாது. கோயிலில் படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். தமிழ் பேசவில்லையே என்று அங்கே யாரிடமும் அங்கலாய்க்காதீர்கள். ரயில் பாதையைத் தேடாதீர்கள், அது திரும்பி வரவே இல்லை. அட்டை சேகரிப்பவர்கள் கையெழுத்தைக் கண் முன்னால் வாங்குங்கள். பிறகு அது எப்படி இருந்தாலும் வாதாடாதீர்கள்.

அழகான வாலோடு அவர் போட்ட கையெழுத்துகள் இன்னும் பல பேரிடம் இருக்கும். இடது கையால் போட்டது இது ஒன்றுதான். மூலையில் இருப்பது அழுக்கு இல்லை, பூட்ஸ். விற்பனைக்கு இல்லை. பார்க்க வேண்டுமென்றால் யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம், அந்தத் தம்பியும் வரலாம். கையைக் கழுவிவிட்டு வரட்டும். பூதக்கண்ணாடி வேண்டாம்.