பையனுக்கென்று வாங்கிய கார்டு

நான் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவன். ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டு மாடியில் எனக்கு ஒரு அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை விசிறி, ஒரு கட்டில். திருச்சியில் இருக்கும் ஒரு ஸ்டுடியோக்காரர் எடுத்த வீடியோக்களை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தனுப்புவார். நான் வெட்டி, அடுக்கி, பாட்டுச் சேர்த்துத் திருப்பி அனுப்புவேன். முன்பு நானே கேமரா தூக்கிக்கொண்டு மண்டபங்களுக்குப் போயிருக்கிறேன். கூட்டத்தில் ஆட்களைப் பார்த்து, இப்படித் திரும்புங்கள், கொஞ்சம் சிரியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு பெண் வீட்டில், ஆள் ஊமையா என்று கேட்டார்கள். அதன் பிறகு அறையோடு சரி. பத்தாவதுக்கு மேல் படிக்காத எனக்கு இந்த வேலை கைப்பழக்கத்தில் வந்ததுதான்.

எனக்கும் ஒரு முறை நிச்சயதார்த்தம் வரை போய் நின்றது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஐப்பசியில் ஸ்டுடியோக்காரர் புதுக் கேமரா வாங்கினார். அதில் எடுத்த படங்கள் பெரியவை. பழைய படங்களைப் போல நான்கு மடங்கு. என் கம்ப்யூட்டரால் அவற்றை ஓட்ட முடியவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிக் குனிவார். படம் அப்படியே நிற்கும். மறுபடி நகரும்போது எல்லோரும் அட்சதை போட்டு முடித்திருப்பார்கள். வெட்ட வேண்டிய இடம் எது என்றே தெரியாது. எப்படியோ தடவித் தடவி வெட்டி, முழுப் படமாக மாற்றக் கொடுத்தால், பாதியில் மெமரி போதவில்லை என்று ஒரு சின்னக் கட்டம் வந்து எல்லாம் நின்றுவிடும். கம்ப்யூட்டருக்குள் படங்களைக் கையாளுகிற கிராபிக்ஸ் கார்டு மிகவும் பழையது. அதை மாற்றினால்தான் உண்டு.

ஸ்டுடியோக்காரர் என்னைவிட வயதில் சிறியவர். ஒருநாள் காலையில் போன் செய்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதிலிருந்துதான் விஷயம் முற்றிவிட்டது என்று புரிந்தது.

"அண்ணே, ஐப்பசியில நடந்த கல்யாணம் ரெண்டும் இன்னும் வரல. தை பொறந்தா வரிசையா முகூர்த்தம். அதுக்குள்ள சிஸ்டத்தைச் சரி பண்ணிருங்க. மதுரையில ஒரு பையன் நெட்லயே வாங்கி நெட்லயே திருப்பி அனுப்பறேங்கறான். உங்களை விட்டுட்டு அவன்கிட்ட போகணும்னு எனக்கு ஆசையில்லண்ணே."

சரிங்க என்றேன். அவர் தருவதைத் தவிர எனக்கு வேறு வேலை கிடையாது. அந்த வருமானத்தில்தான் அண்ணியிடம் மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறேன். கொடுக்காவிட்டாலும் சோறு போடுவார்கள். அப்படிச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் நினைப்பு ஓடவில்லை.

தபால் ஆபீஸில் போட்டு வைத்திருந்த பதினைந்தாயிரத்தை எடுத்தேன். அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. எந்தக் கார்டு வாங்கலாம் என்று யூடியூபில் பார்த்தேன். தமிழில் இதைப் பற்றிப் பேசுகிற இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள். நன்றாகவும் பேசுகிறார்கள். ஆனால் எல்லாம் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றித்தான். துப்பாக்கியோடு ஒருவன் ஓடுவான், நொடிக்கு எத்தனை படம் என்று மூலையில் எண் மாறிக்கொண்டிருக்கும். கல்யாண மண்டபத்தைப் போட்டுக் காட்டியவர் ஒருவரும் இல்லை. கடைசியில் எனக்கு விளங்கியது கொஞ்சம்தான். புதுக் கார்டு என்றால் என் பணத்துக்கு மெமரி குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் வாரண்டி உண்டு. பழைய கார்டு என்றால் மெமரி அதிகம், ஆனால் அதை முன்பு வைத்திருந்தவர் எப்படி ஓட்டித் தேய்த்தாரோ தெரியாது. ரொம்பப் பெரிய கார்டாக வாங்கினால் கரண்டு கொடுக்கிற பெட்டியையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். கடையில் போய் என் வேலையைச் சொல்லிக் கேட்பதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

மார்கழி நெருங்கிக்கொண்டிருந்தது. மார்கழி பிறந்துவிட்டால் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்றார் அண்ணி. வியாழக்கிழமையே போய்விட்டு வரச் சொன்னார். ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகு காலம், அந்த நேரத்தில் காசை நீட்டக் கூடாது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"ஊர்க் கல்யாணத்தையெல்லாம் வெட்டி ஒட்டுறீங்க. ஒரு முகூர்த்தமாச்சும் ராகு காலத்துல பாத்திருக்கீங்களா தம்பி?" என்றார். பார்த்ததில்லை.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, புத்தூரில் இறங்கும்போது மணி இரண்டு. கம்ப்யூட்டர் கடைக்கு எதிரில் இருந்த டீக்கடையில் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பஸ்ஸிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன், பெரிய படங்கள் ஓட வேண்டும், கையில் பதினைந்தாயிரம் இருக்கிறது. அவ்வளவுதான். கடையில் அப்போது யாருமில்லை. ஒரு பெண் மட்டும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் கடையை நடத்துகிறவர் என்று பிறகு தெரிந்தது. நான் மூன்று மணி ஆகட்டும் என்று காத்திருந்தேன். மூன்று மணிக்குக் காலேஜ் விட்டு மாணவர்கள் கும்பலாக வந்து கடைக்குள் நுழைந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நான் நுழைந்தேன்.

என் முறை வந்ததும் கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றேன். மீதியைச் சொல்வதற்குள் அவர், "பையனுக்கா சார்?" என்று கேட்டார்.

என் பக்கத்தில் நின்ற மாணவன் தன் நண்பனிடம், "குடுத்து வச்சவன்டா. எங்கப்பா கீபோர்டு கேட்டதுக்கே செருப்பைத் தேடினாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது ஆமாம் என்று சொன்னது போல ஆகிவிட்டது. ஆமாங்க என்று வாயாலும் சொன்னேன்.

என்ன படிக்கிறான் என்றார். பிளஸ் டூ என்றேன். என்ன குரூப் என்றார். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றேன். எந்த கேம் விளையாடுவான் என்றதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த மாணவனே ஏதோ ஒரு பேரைச் சொன்னான், நான் தலையாட்டினேன். பையன் என்ன வாங்கி வரச் சொன்னான் என்றார். நீங்களே பார்த்துக் கொடுங்கள் என்றேன். பட்ஜெட்டைக் கேட்டுவிட்டு ஒரு புதுக் கார்டை எடுத்து வைத்தார். பில் போடும் முன் ஒரு தடவை நிறுத்தினார்.

"விளையாடத்தானே சார்? வீடியோ கீடியோ எடிட் பண்ணுவானா?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் வந்திருந்தேன். அதற்குள் மூன்று நான்கு பொய்களைச் சொல்லியாகிவிட்டது. அந்த மாணவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இல்லைங்க, விளையாடத்தான்" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். பாலத்தில் பஸ் ஊர்ந்தது. நான் அந்தப் பையனைப் பற்றி நினைத்துக்கொண்டு வந்தேன். கணக்கில் சுமாராக இருப்பான் என்று தோன்றியது. வீட்டில் அதிகம் பேச மாட்டான்.

கார்டு நன்றாகத்தான் இருந்தது. மாட்டினதும் படம் நிற்காமல் ஓடியது. தாலி கட்டுகிற இடத்தில் விரல்கள் முடிச்சுப் போடுவதை ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது. ஒரு கல்யாணத்தை முழுதாக வெட்டி முடித்தேன். பிறகு முழுப் படமாக மாற்றக் கொடுத்தபோது, கார்டை வைத்து மாற்றும் வசதியை அழுத்தவே முடியவில்லை. மங்கிப்போய்க் கிடந்தது. கார்டு இல்லாமல் மாற்றிப் பார்த்ததில் ஒரு பகல் முழுக்க ஓடி, மறுபடி நின்றுவிட்டது. மறுநாள் தேடிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. இந்தக் கார்டில் வீடியோவை மாற்றித் தருகிற பகுதியே கிடையாது. அதைச் சேர்க்காமல் செய்வதால்தான் விலை குறைவு. விளையாடுகிறவர்களுக்கு அது தேவைப்படாது.

எனக்கு ஆத்திரம் வரவில்லை. கீழே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன். அடுத்த சில நாட்கள் மாடிக்குப் போய் உட்காருவதும், கம்ப்யூட்டரைப் போடாமலே இறங்கி வருவதுமாக இருந்தேன். கார்டு ஓடுகிறதா என்று அண்ணன் கேட்டார். ஓடுகிறது என்றேன். மார்கழி பிறந்தது. தெருவெல்லாம் கோயிலுக்கு வந்த வெளியூர்க் கூட்டம். ஸ்டுடியோக்காரர் இரண்டு முறை அழைத்தார், நான் எடுக்கவில்லை. மூன்றாவதாக ஒரு மெசேஜ் வந்தது. ஐப்பசிக் கல்யாணத்தில் ஒன்றை மதுரைக்கு அனுப்பிப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தார். மன்னிச்சுக்குங்கண்ணே என்று கடைசியில் இருந்தது.

அன்றைக்கே கார்டைக் கழற்றி டப்பாவில் வைத்தேன். கிளம்பும்போது அண்ணி பார்த்துவிட்டார். மார்கழியில் என்ன வாங்கப் போகிறேன் என்று கேட்டார். பழைய கார்டு ஒன்று என்றேன். ஒரு நொடி யோசித்தார்.

"பழசுதானே, வாங்கலாம். அது எந்த மாசம் பொறந்துச்சோ."

இந்த முறை டீக்கடையில் நிற்காமல் நேரே கடைக்குள் போனேன். லேப்டாப் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த ஒருவர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரப் பெண் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன சார், பையனுக்குப் பிடிக்கலையா?"

நான் டப்பாவைக் கவுண்டரில் வைத்தேன். பையனுக்குப் போதவில்லை என்று சொல்லியிருந்தால் அதுவும் நடந்திருக்கும். அவன் இப்போது வீடியோ எடிட் செய்யக் கற்றுக்கொள்கிறான் என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் சொல்லப் போகிறேன் என்றே நினைத்தேன். ஆனால் அவர் என்னென்ன கேட்பார், என்ன சாப்ட்வேர், எந்தக் கேமரா, எத்தனை மணி நேரப் படம், எல்லாவற்றுக்கும் சரியான பதில் வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தவறான கார்டுதான் வரும். அவனை இல்லையென்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"பையன்லாம் இல்லைங்க. எனக்குத்தான். கல்யாண வீடியோ எடிட் பண்றேன்."

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு டப்பாவைப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் கேட்டேனே சார்" என்றார். ஆமாங்க என்றேன்.

கார்டைத் திருப்பி எடுத்துக்கொள்வதில் சிக்கல் இருந்தது. டப்பா பிரித்தாகிவிட்டது, இனி அதைப் பழைய கார்டாகத்தான் விற்க முடியும், அதனால் விலை குறையும் என்றார். குறைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குறைந்த தொகைக்குச் சரியாக வருகிற மாதிரி, ஒரு பழைய கார்டைப் பின்னாலிருந்து எடுத்து வந்தார். மெமரி முன்னதைவிட இரண்டு மடங்கு. வீடியோவை மாற்றுகிற பகுதியும் இருந்தது. ஒரு மாதம்தான் வாரண்டி. விசிறியில் ஒன்று லேசாகச் சத்தம் போடும் என்றும் அவரே சொன்னார். ஏதாவது படம் இருந்தால் கொடுங்கள், ஓட்டிக் காட்டிவிடுகிறேன் என்றார். பென் டிரைவில் நான் வெட்டி முடித்திருந்த ஐப்பசிக் கல்யாணத்தின் ஒரு துண்டு இருந்தது.

கடையின் கம்ப்யூட்டரில் கார்டை மாட்டி அந்தத் துண்டை ஓடவிட்டு, கூடவே அதை மாற்றவும் கொடுத்தார். கடையில் பெரிய ஸ்பீக்கர்கள். கெட்டிமேளம் திடீரென்று கடை முழுக்க அடித்தது. நாற்காலியில் இருந்தவர் எழுந்து வந்து பார்த்தார். நான் வேலை செய்யும்போது பெரும்பாலும் ஒலியை அணைத்துவிடுவேன், பாட்டுச் சேர்க்கும்போதுதான் திறப்பேன். அந்தத் துண்டை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மேளத்துக்கு நடுவில் பெண்ணின் அப்பா சத்தமாக அழுவது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

"பாவம், பெத்தவரு" என்றார் லேப்டாப்காரர்.

நான் திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றும் வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று காட்டும் கோடு நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தது. மேளம் ஓய்வதற்குள் அது முடிந்துவிட்டது. முடிந்ததும் கடைக்காரப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். போதுங்க, இதைக் கொடுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து மாட்டியபோது கேபினட்டின் பக்கவாட்டு மூடி மூடவில்லை. கார்டு அகலம். மூடியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்கினேன். முன்பே வெட்டி வைத்திருந்த கல்யாணம் மறுநாளே தயாரானது. அதை எடுத்துக்கொண்டு நானே ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் அங்கேயும் இங்கேயுமாக ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கொஞ்ச நேரம் மேஜையில் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"மதுரைக்காரனும் நல்லாத்தான் பண்ணியிருக்கான்ணே. தையில பாதியை அவனுக்குத் தரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். மீதி உங்களுக்கு. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அவன்கிட்ட போயிருக்கவே மாட்டேன்."

இதற்குக் கோபப்பட வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை. பாதி என்பது அண்ணியிடம் கொடுக்கச் சரியாக இருக்கும், எனக்கென்று எதுவும் நிற்காது. சரிங்க என்றேன். டீ வரவழைத்தார், குடித்தேன்.

தை பிறந்து முதல் முகூர்த்தத்தின் ஹார்ட் டிஸ்க் ஒரு ஜவுளிக்கடைப் பையில் வந்தது. மாட்டினேன். யாரோ ஒருவரின் மண்டபம், பூவில் எழுதிய இரண்டு பெயர்கள், காலியான நாற்காலிகள். ஒருவர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விசிறி லேசாகச் சத்தம் போட்டது. நான் முதல் வெட்டைப் போட்டேன்.