செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினான்

கப்பலில் சரக்கு இறக்கும் நாங்கள் சோறு தின்ன ஒரே இடம், மூடிய ஹட்ச். சரக்கறையின் வாயில் பலகைகளை அடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கும். சாப்பிடும் இடம் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அப்படியே பழகிவிட்டது.

ஐம்பதுகளின் கடைசி. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஓர் அரிசிக் கப்பல். மதியம் திடீரென்று மழை கொட்டியது. சிங்கப்பூர் மழை வந்த வேகத்தில் போய்விடும் என்று நாங்கள் பலகைகளை அடுக்க மாட்டோம். தார்ப்பாயை மட்டும் இழுத்து மூடிவிட்டு, யாரும் அதன்மேல் ஏறிவிடாதபடி ஒருவனைக் காவலுக்கு நிறுத்துவோம். அன்றைய காவல் நான்.

சிராங்கூன் ரோட்டில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பனுக்கு அன்று கரையில் கிடங்கு வேலை. கீழே பலகை இல்லாதது அவனுக்குத் தெரியாது. மழை விட்டதும் பால் டின்னில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு மேலே வந்தவன், ஹட்சுக்கு அந்தப் பக்கம் நின்றான். பசி வந்தால் எனக்குப் புத்தி இருக்காது.

“என்ன மச்சான், அங்கேயே நிக்கிற? ஆறிப்போவுது லா, சீக்கிரம் வா!” என்று கையை ஆட்டினேன்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். இரண்டு அடி வைத்தான். தார்ப்பாய் குழிந்தது. ஆளைக் காணவில்லை. அவன் கத்தக்கூட இல்லை. கீழிருந்து அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவனைத் தூக்கி வந்தது மற்றவர்கள்தான்.

மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகத் தைரியம் வந்தது. செருப்பை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனேன். கட்டில் அருகே எங்களை வேலை வாங்கும் மண்டோர் நின்றிருந்தார்.

“யாருடா உன்ன அது மேல நடக்கச் சொன்னது?”

அவன் என்னைப் பார்த்தான். சொன்னால் அன்றோடு என் வேலை போயிருக்கும்.

“யாரும் சொல்லல மண்டோர். நானாத்தான் ஏறினேன்.”

நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. மண்டோர் போனதும் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

“எந்திரிச்சதும் போட்டுக்க, மச்சான்.”

“ஒண்ணு போதும். இன்னொண்ண நீ எடுத்துட்டுப் போயிடு” என்றான்.

அப்போதுதான் போர்வையைப் பார்த்தேன். வலது பக்கம், முழங்காலுக்குக் கீழே அது தட்டையாகக் கிடந்தது.